வெள்ளிக் கெண்டியின் வெண்ணிற வளையங்கள்

மாணவர்களே! வெள்ளித் தம்ளரில் சூடான பாலை ஊற்றினால், சற்று நேரத்தில் அதன் விளிம்பைக்கூடத் தொட முடிவதில்லை. ஆனால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேநீர்க் கெண்டிகளையே வெள்ளியால் செய்தார்கள். கைப்பிடியும் வெள்ளிதான்! கொதிக்கும் தேநீர் நிறைந்த கெண்டியைக் கை சுடாமல் எவ்வாறு தூக்கினார்கள்?

அக்காலச் சென்னையில் செய்யப்பட்ட அலங்கார வெள்ளிப் பாத்திரங்களுக்குச் 'சுவாமி வெள்ளி' என்று பெயர். தெய்வ உருவங்கள் அவற்றில் புடைத்து நிற்கும். 1849-இல் தொடங்கிய பி. ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இவ்வேலைக்குப் புகழ்பெற்றது. 1875-76-இல் இந்தியாவுக்கு வந்த வேல்ஸ் இளவரசர் (பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னர்) பெற்ற பரிசுகளுள் சுவாமி வெள்ளியும் உண்டு. அதே நூற்றாண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் சாமுவேல் கிர்க் என்பார் பூக்களும் இலைகளும் புடைத்த பாத்திரங்களைச் செய்து வந்தார்.

இரண்டும் ஒரே முறைதான். வெள்ளித் தகட்டைப் பிசின் கலவையின் மேல் பதித்து, பின்புறத்திலிருந்து உளியால் தட்டுவார்கள். தட்டத் தட்ட வெள்ளி கடினமாகும்; மேலும் தட்டினால் வெடிக்கும். ஆகவே இடையிடையே மங்கிய செந்நிறம் வரும்வரை காய்ச்சி மீண்டும் மென்மையாக்குவார்கள்.

இனி, நம் கேள்விக்கு வருவோம். உலோகங்களுள் வெப்பத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளியே. அதன் வெப்பக் கடத்துதிறன் ஏறத்தாழ 430 வாட்/மீட்டர்-கெல்வின். செம்புக்கு 400, துருப்பிடிக்காத எஃகுக்கு 16 அளவே. இத்தகைய கைப்பிடியைப் பற்றினால் கை வெந்துவிடும் அல்லவா?

பழைய கெண்டிகளை உற்றுப் பாருங்கள். பலவற்றில் கைப்பிடியின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் மெல்லிய வெண்ணிற வளையம் ஒவ்வொன்று இருக்கும். அது யானைத் தந்தம், ஓர் அரிதிற்கடத்தி. அதன் கடத்துதிறனை 0.5 எனக் கொள்வோம். 430-ஐ 0.5-ஆல் வகுத்தால் 860. அதாவது, 3 மில்லிமீட்டர் வளையம் வெப்பத்தைத் தடுப்பதும், அதே பருமனுள்ள இரண்டரை மீட்டர் வெள்ளிக் கம்பி தடுப்பதும் ஒன்றே! கெண்டியிலிருந்து கைப்பிடிக்கு வரும் சிறிதளவு வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்று எடுத்துச் சென்றுவிடுகிறது.

இந்தச் சிறு வளையங்களுக்காகவும் யானைகள் உயிரிழந்தன என்பதை மறக்கலாகாது. தந்தத்தின் பன்னாட்டு வணிகத்துக்கு 1989-இல் தடை முடிவு செய்யப்பட்டது. அதே வேலையை இன்று பிளாஸ்டிக் செய்கிறது. எனவே, தேவைப்பட்டது தந்தம் அன்று. வெப்பத்தைக் கடத்தாத ஒரு பொருள் மட்டுமே.

இத்தத்துவம் பழங்கதை அன்று. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் மின்னணுத் தொழிற்சாலைகள் பல உள்ளன. மின்னணுச் சுற்றுகளை இணைக்கப் பயன்படும் பற்றவைப்புக் கோலைப் பாருங்கள்: நுனி எளிதிற்கடத்தி, பிடி அரிதிற்கடத்தி. ஈயமில்லாப் பற்றாசு வகைகளுள் பரவலான ஒன்றில் 3 விழுக்காடு வெள்ளியும் கலந்திருக்கிறது.

செய்து பாருங்கள்: ஒரே அளவுள்ள வெள்ளிக் கரண்டி, எஃகுக் கரண்டி, மரக் கரண்டி ஆகியவற்றின் மேல்முனைகளில் சிறிது உறைந்த நெய்யை ஒட்டுங்கள். பெரியவர் ஒருவரின் உதவியுடன் மூன்றையும் வெந்நீரில் நிறுத்துங்கள். எதில் நெய் முதலில் உருகுகிறது?

சிந்தியுங்கள்: கைப்பிடியின் மேல்முனையில் மட்டும் வளையம் வைத்திருந்தால் போதாதா? வெப்பம் செல்ல எத்தனை வழிகள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள், விடை கிடைக்கும்.