மின்வண்டிக்கு வருமான வரியில் ஒன்றரை லட்சமா?

மின்சாரக் கார் பார்க்கப் போகிறவர்களிடம் ஆன் ரோடு விலையைச் சொன்ன கையோடு, “இதில் ஒன்றரை லட்சம் உங்களுக்கு இன்கம் டாக்ஸில் திரும்ப வந்துவிடும் சார்” என்று சொல்லும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. அந்த ஒரு வார்த்தையை நம்பி, கைக்கு மீறிய மாடலுக்குக் கையெழுத்துப் போடுகிறவர்கள் உண்டு. மாதச் சம்பளத்தில் ஐந்து வருடம் தவணை கட்டப்போகிற குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நம்பிக்கை: மின்வண்டி வாங்கினால் வருமான வரியில் 1.5 லட்சம் மிச்சம்.

2019 ஜூலை பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்த சலுகை இது. வருமான வரிச் சட்டத்தில் 80ஈஈபி என்ற பிரிவாக வந்தது. வண்டியின் விலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வண்டி வாங்க எடுத்த கடனுக்கு அந்த ஆண்டு கட்டிய வட்டி எவ்வளவோ, அதை 1,50,000 ரூபாய் வரைக்கும் வருமானத்தில் கழித்துக் காட்டலாம். மிச்சமுள்ள வருமானத்துக்குத்தான் வரி. அவ்வளவுதான் சலுகை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். 10 லட்சம் ரூபாய் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து வருடத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 20,760 ரூபாய். முதல் வருடம் கட்டும் மொத்தப் பணத்தில் வட்டி மட்டும் சுமார் 83,000 ரூபாய். 20 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு செஸ்ஸும் சேர்த்து இதில் மிச்சமாகும் வரி 17,300 ரூபாய்தான். 30 சதவீத அடுக்கில் இருந்தால் 26,000 ரூபாய் அளவில் வரும். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும்; ஐந்தாம் வருடம் வட்டி 12,000 ரூபாயைக்கூடத் தொடாது. கழிவும் அதோடு சேர்ந்து இறங்கிவிடும்.

1.5 லட்சம் என்ற வரம்பை ஒருவர் முழுதாகத் தொட வேண்டுமானால், இதே வட்டியில் ஏறத்தாழ 18 லட்சம் கடன் எடுத்திருக்க வேண்டும். அப்போதும் 30 சதவீத அடுக்கில் உள்ளவருக்கு மிச்சம் 46,800 ரூபாய். ஸ்கூட்டருக்கு வாருங்கள்: ஒரு லட்சம் கடன், 10 சதவீத வட்டி, மூன்று வருடம். முதல் வருட வட்டி சுமார் 8,600 ரூபாய். 20 சதவீத அடுக்கில் மிச்சம் 1,800 ரூபாய்.

இந்தச் சலுகையின் அமைப்பிலேயே எனக்கு வருத்தம் உண்டு. பெரிய கார், பெரிய கடன், பெரிய சம்பளம் உள்ளவருக்கு அதிகம் கிடைத்தது. நாள் முழுக்க ஸ்கூட்டரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற இளைஞர், வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்காததால் ஒரு ரூபாய்கூடப் பெறவில்லை. தினமும் நூறு கிலோமீட்டர் ஓடுகிற வண்டியைப் பெட்ரோலிலிருந்து மாற்றினால்தான் புகை அதிகம் குறையும். உதவி போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய இடம் அது.

நம்பிக்கை: இன்று வாங்கினாலும் 80ஈஈபி உண்டு.

இல்லை. 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை வங்கி அனுமதித்த கடன்களுக்கு மட்டுமே அது பொருந்தும். பிறகு வந்த பட்ஜெட்கள் கெடுவை நீட்டிக்கவில்லை. இணையத்தில் பழைய காணொளிகளும் துணுக்குகளும் தேதி இல்லாமல் சுற்றிக்கொண்டே இருப்பதால், கதவு மூடியது பலருக்குத் தெரியவில்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. சலுகை முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, 2022இல் கடன் எடுத்தவர்கள் தங்களுக்கும் முடிந்துவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். கெடு கடன் அனுமதிக்கப்பட்ட தேதிக்குத்தான். அந்தத் தேதிக்குள் அனுமதி வாங்கியவர்கள், கடன் தீரும்வரை ஒவ்வொரு வருடமும் வட்டியைக் கழிக்கலாம். வண்டி கைக்கு வந்த நாளோ பதிவான நாளோ கணக்கில்லை. கடன் அனுமதிக் கடிதத்தில் உள்ள தேதியைப் பாருங்கள்.

நம்பிக்கை: ரொக்கமாக வாங்கினாலும், எங்கே கடன் வாங்கினாலும் கழிவு கிடைக்கும்.

ரொக்கத்துக்கு வட்டி இல்லை, ஆகவே கழிவும் இல்லை. சீட்டு எடுத்தோ சொந்தக்காரரிடம் கைமாற்று வாங்கியோ வாங்கிய வண்டிக்கும் கிடையாது. வங்கி, அல்லது சட்டம் வரையறுத்த வங்கியல்லாத நிதி நிறுவனம் தந்த கடனாக இருக்க வேண்டும். எடுத்தவரும் தனிநபராக இருக்க வேண்டும். கம்பெனி பெயரில் எடுத்திருந்தால் பொருந்தாது.

நம்பிக்கை: ஹைபிரிட் காரும் இதில் சேரும்.

சேராது. முழுக்க முழுக்க மின் மோட்டாரில், வண்டியில் உள்ள பேட்டரியின் மின்சாரத்தில் ஓடும் வண்டிதான் இந்தப் பிரிவில் மின்வண்டி.

நம்பிக்கை: மத்திய அரசு மானியம் என் காருக்கும் வரும்.

சொந்த உபயோகத்துக்கு வாங்கும் காருக்கு வராது. 2019 முதல் 2024 மார்ச் வரை நடந்த ஃபேம்-2 திட்டத்திலும் வாடகைக்கு ஓடும் கார்களுக்குத்தான் மானியம் இருந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் தனியார் கார்களுக்கு இடமே இல்லை. அதில் ஸ்கூட்டருக்கு முதல் வருடம் பேட்டரியின் ஒரு கிலோவாட் மணிக்கு 5,000 ரூபாய், அதிகபட்சம் 10,000. இரண்டாம் வருடம் அதில் பாதி. இந்தப் பணம் வாங்குபவரின் வங்கிக் கணக்குக்கு வராது. டீலர் பில்லிலேயே விலையில் கழித்துவிடுவார். பில்லில் அந்த மானியம் தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துப் பணம் கட்டுங்கள்.

கார் வாங்குபவருக்கு உண்மையாகக் கிடைக்கும் பெரிய உதவி ஜிஎஸ்டியில் இருக்கிறது. 2019 ஆகஸ்ட் 1 முதல் மின்வண்டிகளுக்கு 12 சதவீதமாக இருந்த வரி 5 ஆனது. 2025 செப்டம்பர் 22 அன்று சிறிய பெட்ரோல் கார்களுக்கு 28 சதவீதம் 18 ஆகக் குறைந்தபோது, மின்கார்களும் விலை குறையும் என்று பலர் காத்திருந்தார்கள். அவை ஏற்கெனவே 5 சதவீதத்தில்தான் இருந்தன. அன்று அவற்றின் வரியில் எதுவும் மாறவில்லை. தமிழ்நாட்டில் இதோடு சாலை வரி விலக்கும் பெரிய தொகை. ஆனால் அது கெடுத் தேதி போட்டு வரும் அரசாணைகளால் நீள்வது. 2022 முடிவு வரை ஒன்று, 2023 கொள்கையின்படி 2025 முடிவு வரை ஒன்று என்று வந்தது. வண்டி பதிவாகும் நாளில் எந்த ஆணை நடப்பில் இருக்கிறது என்று ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

நம்பிக்கை: பழைய கடன் இருந்தால் கழிவு தானாக வந்துவிடும்.

80ஈஈபி பழைய வரி முறையில் மட்டுமே செல்லும். 2023-24 நிதியாண்டு முதல் புதிய முறைதான் இயல்பானது. நாம் கேட்டால்தான் பழையது. 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வருமானம் வரை வரியே இல்லை, சம்பளக்காரர்களுக்கு நிலைக்கழிவோடு 12.75 லட்சம். அந்த அளவுக்குள் இருப்பவர், வண்டிக் கடன் வட்டிக்காகப் பழைய முறைக்குப் போனால் கையைச் சுட்டுக்கொள்ளக்கூடும். வீட்டுக் கடன், காப்பீடு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

பழைய முறைதான் லாபம் என்று தெரிந்தால், சம்பளக்காரர்கள் ரிட்டர்னைக் கெடுத் தேதிக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். தாமதமாகத் தாக்கல் செய்தால் பழைய முறையைத் தேர்ந்தெடுக்கவே முடியாது, அந்த வருட வட்டிக் கழிவும் போய்விடும். வங்கியிடமிருந்து வட்டிச் சான்றிதழை ஏப்ரலிலேயே வாங்கி, கடன் கணக்கு எண், கடன் அனுமதித் தேதி, வண்டிப் பதிவு எண் ஆகியவற்றையும் அதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.