அம்பாசடர் காரில் ஐட்லிங் கோளாறு: காரணம் காண்பது எப்படி?

அம்பாசடர் காரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. எனினும் 1489 கன செ.மீ. பெட்ரோல் என்ஜினும் கார்புரேட்டரும் கொண்ட பழைய வண்டிகள் பல பண்ணை வீடுகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. விதை மூட்டை ஏற்றவும், அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குச் செல்லவும் உதவும் இவ்வண்டிகளைப் பற்றி உழவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. "ஆக்சிலரேட்டரை மிதித்தால் நன்றாக ஓடுகிறது; காலை எடுத்தால் குலுங்கி நின்றுவிடுகிறது" என்பார்கள்.

இதைக் கண்டதும் திருப்புளியை எடுத்துக் கார்புரேட்டர் திருகாணியைத் திருகுவதே நம் வழக்கம். நானும் அதைத்தான் செய்தேன். என் வண்டி ஒரு மாதம் இப்படித் தொல்லை கொடுத்தது. மெக்கானிக் மூன்று முறை கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். ஒரு நாள் மாலை ரயில்வே கேட்டில், தண்டவாளத்தின் மேலேயே வண்டி நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்கள் ஓடிவந்து தள்ளிவிட்டார்கள். இன்று நினைத்தாலும் உடல் நடுங்குகிறது. கடைசியில் பார்த்தால், கார்புரேட்டருக்கும் மேனிபோல்டுக்கும் இடையே உள்ள பேக்கிங் ஒரு பக்கம் வெடித்திருந்தது. மூன்று முறை கழற்றியபோதும் அதே பழைய பேக்கிங்கையே திரும்பப் போட்டிருக்கிறோம்!

ஐட்லிங்கில் மட்டும் ஏன்?

கிணற்று பம்பின் உறிஞ்சு குழாயில் ஊசித்துளை இருந்தாலும் காற்று இழுத்து, தண்ணீர் வராமல் போவதை அறிவீர்கள். இங்கு நடப்பதும் அதுவே. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கார்புரேட்டரின் அடியில் உள்ள திராட்டில் தகடு ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. பிஸ்டன்கள் இழுத்துக்கொண்டே இருப்பதால் தகட்டுக்குக் கீழே வலுவான வெற்றிடம் உண்டாகிறது. நல்ல என்ஜினில் இது பாதரச அளவில் 45 முதல் 50 செ.மீ. வரை இருக்கும். அப்போது என்ஜினுக்குள் செல்லும் காற்றும் பெட்ரோலும் மிகச் சிறிய அளவே. ஆகவே சிறு வெடிப்பின் வழியே நுழையும் காற்றுகூடக் கலவையைக் கெடுத்துவிடும். வேகமாக ஓடும்போது செல்லும் காற்றோ ஏராளம். அதில் இந்தக் கசிவு ஒரு பொருட்டாகாது.

முதலில் மின்பொறி

கோளாறு தேடும்போது மின்பொறி, காற்றுக்கசிவு, கார்புரேட்டர் என்ற வரிசையில் செல்வது நல்லது. நான்கு பிளக்குகளையும் கழற்றி, எது எந்த சிலிண்டரிலிருந்து வந்தது என்று தெரியும்படி வரிசையாக வையுங்கள். முனை இளம் பழுப்பாக இருந்தால் குறையில்லை. கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது காற்று அதிகம். எண்ணெய்ப் பசையோடு இருந்தால் ரிங்கு அல்லது வால்வு தேய்மானம் என்று சந்தேகிக்கலாம். பிளக் இடைவெளி 0.025 அங்குலமும், டிஸ்டிரிபியூட்டரில் உள்ள பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலமும் இருக்கட்டும். கண்ணால் மதிப்பிடாமல் பில்லர் கேஜ் வைத்தே அளக்க வேண்டும். பாயிண்ட் முனை குழிவிழுந்து கருகியிருந்தால் கண்டென்சரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

அடுத்த சோதனைக்கு வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்துவிடுங்கள். வேட்டியை மடித்துக் கட்டுங்கள். தோளில் துண்டு வேண்டாம், விசிறியில் சிக்கும். என்ஜின் ஓடாதபோது ஒரு பிளக் வயரைக் கழற்றி, அதன் முனை என்ஜின் இரும்பில் படும்படி வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஓட்டம் முன்னைவிட மோசமானால் அந்த சிலிண்டர் இதுவரை வேலை செய்துகொண்டிருந்தது என்று பொருள். மாற்றமே தெரியாவிட்டால் கோளாறு அங்கேதான். என்ஜினை நிறுத்தி வயரைப் பழையபடி மாட்டிய பிறகே அடுத்த சிலிண்டருக்குச் செல்ல வேண்டும்.

இந்த என்ஜினில் கவனிக்க வேண்டிய அமைப்பு ஒன்று உண்டு. 1, 2 சிலிண்டர்களுக்குக் காற்றும் பெட்ரோலும் நுழையும் வழி ஒன்றே. 3, 4-க்கும் அப்படியே. எனவே 1-ம் 2-ம், அல்லது 3-ம் 4-ம் சேர்ந்தாற்போல் சோர்ந்திருந்தால் அந்தப் பக்கத்து மேனிபோல்டு பேக்கிங்கைப் பாருங்கள். இரண்டு சிலிண்டர்களுக்கு இடையே ஹெட் பேக்கிங் எரிந்திருந்தாலும் இதே அறிகுறி தெரியும். ஒரே சிலிண்டர் மட்டும் என்றால் பிளக், வயர், வால்வு இவற்றில் ஒன்றுதான்.

காற்றுக்கசிவு

என்ஜின் ஓடும்போது எண்ணெய்க் குப்பியால் கார்புரேட்டர் அடிப்பாகம், மேனிபோல்டு இணைப்புகள், திராட்டில் தண்டு நுழையும் இரு துளைகள் ஆகிய இடங்களில் சொட்டுச் சொட்டாக என்ஜின் ஆயில் விடுங்கள். எங்கு விட்டதும் ஓட்டம் மாறுகிறதோ அங்கு கசிவு. இதற்குச் சிலர் பெட்ரோலைத் தெளிப்பார்கள். சூடான சைலன்சர் குழாய் பக்கத்திலேயே இருப்பதால் அது உயிருக்கே ஆபத்து. கார்புரேட்டர் நட்டுகளை முரட்டுத்தனமாக முடுக்கினால் அதன் அடித்தளம் வளைந்துவிடும். பிறகு எத்தனை பேக்கிங் போட்டாலும் நிற்காது. திராட்டில் தண்டு ஆடினால் புஷ் போடத் தெரிந்தவரிடம் கொடுப்பதே வழி.

இவ்வளவும் சரியாக இருந்தால் கார்புரேட்டருக்கு வரலாம். சோலெக்ஸ் வகையில் ஐட்லிங்கில் பெட்ரோல் தருவது சிறிய பைலட் ஜெட். அது அடைத்திருந்தால் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பி நுழைக்க வேண்டாம், துளை பெரிதாகிவிடும். கலவைத் திருகாணியை மெதுவாக உட்காரும் வரை திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். என்ஜின் சூடேறிய பின் அங்கிருந்து கால் சுற்றாக முன்னும் பின்னும் திருப்பி, ஓட்டம் சீராகும் இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

வழியில் நின்றால்

சில வண்டிகள் பத்து மைல் நன்றாக ஓடி, பிறகு நின்றுவிடும். நின்ற உடனே ஏர் கிளீனரைக் கழற்றிக் கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரை ஒருமுறை அசையுங்கள். பெட்ரோல் பீச்சினால் எரிபொருள் வந்துகொண்டிருக்கிறது. காயிலையும் கண்டென்சரையும் சந்தேகியுங்கள். இவை சூட்டில் செயலிழந்து, ஆறியதும் பிழைத்துக்கொள்ளும். பீச்சாவிட்டால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. கோடையில் என்ஜின் சூட்டால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாவதும் உண்டு. பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போடும் பழைய டிரைவர்களின் கைவைத்தியம் இதற்கு நன்றாகவே பலிக்கிறது.

எத்தனால் கலந்த பெட்ரோல்

நம் கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் எடுக்கும் எத்தனால் 2025-ஆம் ஆண்டில் பெட்ரோலில் 20 சதவீதம் வரை கலக்கப்பட்டது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் பழைய ஜெட் அளவுக்குக் கலவை சற்று நீர்த்துப்போகும். ஆகவே கலவைத் திருகாணியைச் சிறிது வெளியே திருப்ப வேண்டிவரலாம். எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் பம்பு டயபிரத்தையும் கெடுக்கும். டேங்கில் படிந்த பிசினைக் கரைத்து ஜெட்டுக்குக் கொண்டுவரும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களைப் போட்டு, பம்புக்கு முன் ஒரு பில்டரும் வையுங்கள். இது ஈரத்தையும் இழுக்கும். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நின்ற வண்டியை எடுக்கும்போது, ஸ்டார்ட் செய்யுமுன் டேங்கின் அடித்திருகைத் திறந்து, அடியில் தங்கிய தண்ணீரை ஒரு பாட்டிலில் வடித்துவிடுங்கள்.