ஒரு வயதில் இறந்த தாத்தா

இயற்கணிதம் என்றதும் முகம் சுளிப்பவர்களுள் நாங்களும் இருந்தோம். எண்களைக் கூட்டு, கழி என்றால் சரி. எழுத்துகளைக் கூட்டச் சொன்னால் எப்படி? காலாண்டுத் தேர்வில் எங்களில் ஒருத்தி 31 மதிப்பெண் வாங்கி, மதிப்பெண் அட்டையை அப்பாவிடம் நீட்டப் பயந்து மூன்று நாள் புத்தகப் பையிலேயே ஒளித்து வைத்திருந்தாள். அவள் மட்டுமல்ல, வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் அன்று கோட்டைவிட்ட கணக்கு ஒன்றை இங்கே போட்டுக் காட்டுகிறோம்.

டயோஃபாண்டஸ் என்பவர் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த கணித மேதை. அவருடைய ஆயுளைப் பற்றிப் பழைய கிரேக்கப் புதிர் ஒன்று உண்டு. வாழ்நாளில் ஆறில் ஒரு பங்கு அவர் சிறுவர். மேலும் பன்னிரண்டில் ஒரு பங்கு கழிந்ததும் தாடி முளைத்தது. மேலும் ஏழில் ஒரு பங்கு கழிந்ததும் திருமணம். 5 ஆண்டுகளுக்குப் பின் மகன் பிறந்தான். அம்மகன் தந்தையின் ஆயுளில் பாதியே வாழ்ந்து இறந்தான். அதன்பின் தந்தை 4 ஆண்டுகள் இருந்து மறைந்தார். அவர் வாழ்ந்தது எத்தனை ஆண்டுகள்?

முதலில் தெரியாததற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். ஆயுளை 'ஆ' என்போம். (12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நம் பாஸ்கரர் தெரியாத எண்களுக்குக் கருப்பு, நீலம் என்று நிறங்களின் பெயரையே வைத்தார். எங்களுக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது!) அடுத்து, புதிரைச் சமன்பாடாக்குவோம்.

ஆ = ஆ/6 + ஆ/12 + ஆ/7 + 5 + ஆ/2 + 4

பின்னங்களை நீக்க 6, 12, 7, 2 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கான 84ஆல் பெருக்க வேண்டும். இங்கேதான் நாங்கள் விழுந்தோம். எழுத்துள்ள உறுப்புகளை மட்டும் பெருக்கிவிட்டு, 5ஐயும் 4ஐயும் அப்படியே விட்டுவிட்டோம்.

84ஆ = 75ஆ + 9
9ஆ = 9
ஆ = 1

விடை அழகாக முழு எண்ணாக வந்ததே என்று மகிழ்ந்து அடிக்கோடும் இட்டோம். விடைத்தாள் கொடுத்த அன்று சிஸ்டர் எங்களைத் திட்டவில்லை. "ஏம்மா, இந்தத் தாத்தா ஒரு வயதுக்குள் தாடி வளர்த்து, கல்யாணம் பண்ணி, அதற்கப்புறம் ஐந்து வருஷம் கழித்துப் பிள்ளையும் பெற்றாரா?" என்று மட்டும் கேட்டார்கள். வகுப்பே சிரித்தது, அட்டையை ஒளித்தவளும்கூட.

சமன்பாடு ஒரு தராசு. இராபர்ட் ரெக்கார்டு என்ற அறிஞர் 1557இல் சமக்குறியைப் புகுத்தியபோது, இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறில்லை என்றே அவற்றைத் தேர்ந்தாராம். ஒரு தட்டை 84 மடங்காக்கினால் மறு தட்டில் உள்ள அனைத்தும் 84 மடங்காக வேண்டும். இருவருக்கு வைக்கும் சாம்பாரை இருபது பேருக்கு வைக்கும்போது பருப்பை மட்டும் பத்து மடங்காக்கி, புளியையும் உப்பையும் அப்படியே விட்டால் யார் சாப்பிடுவார்கள்?

இப்போது சரியாகப் போடுவோம். 5 × 84 = 420; 4 × 84 = 336; கூட்டினால் 756.

84ஆ = 14ஆ + 7ஆ + 12ஆ + 42ஆ + 756
84ஆ = 75ஆ + 756

இரு பக்கமும் 75ஆ கழித்தால் 9ஆ = 756. ("பக்கம் மாறினால் குறி மாறும்" என்று நாம் ஒப்பிப்பதெல்லாம் இந்தக் கழித்தலைத்தான்.) 9ஆல் வகுக்க, ஆ = 84.

சரிபார்த்தல்: 14 வயது வரை சிறுவர். 21இல் தாடி. 33இல் திருமணம். 38இல் மகன். அவன் 42 வயதில் இறந்தபோது தந்தைக்கு 80. மேலும் 4 ஆண்டுகள், ஆக 84. கணக்கு சரியாக வந்தும் எங்களுக்குச் சற்று வருத்தமாகவே இருந்தது. எண்பது வயதில் மகனைப் பறிகொடுத்திருக்கிறாரே!

அட்டையை ஒளித்தவள் இப்போது சரிபார்க்காமல் எந்தக் கணக்கையும் விடுவதில்லை. அரையாண்டில் 58 வாங்கினாள். அட்டை அன்று மாலையே அப்பா கைக்குப் போயிற்று.

உங்களுக்கும் ஒரு கணக்கு. தாயின் வயது மகளின் வயதைப்போல் 3 மடங்கு. 12 ஆண்டுகள் கழித்து 2 மடங்காகும். இருவர் வயதும் என்ன? மகளின் வயது 0 என்று வந்தால் தாயின் வயது என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு, 12ஐ எங்கே பெருக்காமல் விட்டீர்கள் என்று தேடுங்கள்.