புதிய டெவலப்பருக்கும் புரியும் டிசைன் வரைபடம்: போடுவது எப்படி?

ஒரு கிளாஸ் டயகிராமைத் திரையில் போட்டதும் டீமில் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். ஆனால் எல்லோரும் பார்த்தது ஒரே படத்தை அல்ல. யூசுஃப், கக்டி, மாலெட்டிக் ஆகிய ஆய்வாளர்கள் 2007-இல், யூஎம்எல் கிளாஸ் டயகிராம் வாசிப்பவர்களின் கண் அசைவைக் கருவி வைத்துப் பதிவு செய்தார்கள். தேர்ந்தவர்களின் பார்வை நடுவில் தொடங்கி ஓரங்களுக்குப் போனது. நிறம், கட்டங்களை அடுக்கிய விதம், ஸ்டீரியோடைப் குறிப்பு (கட்டத்தின் வகையைச் சொல்லும் அடையாளச் சொல்) எல்லாமே அவர்களுக்கு வழி காட்டின. புதியவர்களோ புத்தகப் பக்கத்தைப் போல மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாகப் படித்துப் போனார்கள். ஆக, படத்தின் பொருளில் ஒரு பெரும்பங்கை வாசிப்பவரே கொண்டுவருகிறார். ‘கியூ’ என்று ஒரு கட்டம் இருந்தால், ஒரே செய்தி இரண்டு முறை வரக்கூடும் என்று அனுபவசாலிக்கு உடனே தோன்றும். புதியவருக்கு அது வெறும் கட்டம். அனுபவசாலி மனதில் நிரப்பிக்கொள்வதை வரைபவர் தாளிலேயே எழுதிவிட வேண்டும் என்பதுதான் என் வாதம்.

அதனால் முதல் வேலை, பேனாவை எடுக்கும் முன்பே யாருக்காக வரைகிறோம் என்று முடிவு செய்வது. இங்கே சர்வீஸ் வருடங்களை எண்ணிப் பயனில்லை. 1973-இல் சேஸும் சைமனும் செய்த சதுரங்க ஆய்வில், உண்மையான ஆட்டத்தின் காய் நிலைகளைச் சில நொடிகள் பார்த்தே மாஸ்டர் திரும்ப அடுக்கிவிட்டார். காய்களைத் தாறுமாறாக வைத்தபோது அந்த மேன்மை ஏறக்குறைய இல்லாமல் போனது. அவருக்குக் கைகொடுத்தது பழகிய அமைப்புகளின் நினைவுதான். பன்னிரண்டு வருடம் பில்லிங் மென்பொருள் எழுதியவரும் கியூ வழியே இயங்கும் சிஸ்டத்துக்கு முன் புதியவரே. அவரையும் மனதில் வைத்து வரையுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு கட்டத்தின் மேலும் அது என்ன வேலை செய்கிறது என்று எழுதுங்கள். இதைச் சும்மா சொல்லவில்லை. ஃபிலிப்போ ரிக்காவும் சக ஆய்வாளர்களும் 2007-இல், வெப் அப்ளிகேஷன் வரைபடங்களில் சர்வர் பக்கம், கிளையன்ட் பக்கம், ஃபார்ம் என்று அடையாளமிடும் ஸ்டீரியோடைப்கள் உதவுகின்றனவா என்று சோதித்தார்கள். எல்லோருக்கும் பொதுவாகப் பலன் என்று சொல்ல முடியவில்லை. ஆனால் அனுபவமும் திறனும் குறைந்தவர்கள் தெளிவாகப் பலன் பெற்றார்கள். தேர்ந்தவர்களுக்கும் அவர்களுக்கும் இருந்த இடைவெளி சுருங்கியது.

அதிகம் சறுக்குவது கோடுகளில்தான். பரம்பரையைக் காட்டும் வெற்று முக்கோணம் பிள்ளை கிளாஸிலிருந்து தாய் கிளாஸை நோக்கிப் போகும். ‘தாயிடமிருந்துதானே பிள்ளைக்கு வருகிறது’ என்று நினைப்பவர் அதைத் தலைகீழாகப் படித்துவிடுவார். ‘ஆர்டர்’ கட்டத்தை ஒட்டிய கறுப்பு வைரம், ஆர்டரை நீக்கினால் அதிலுள்ள ஐட்டம் வரிகளும் போய்விடும் என்று சொல்கிறது. இது தெரியாதவருக்கு அது ஓர் அலங்காரம். எனவே கோட்டின் மேல் ஒரு வினைச்சொல் எழுதுங்கள்: ‘கேட்கிறது’, ‘அனுப்புகிறது’, ‘சேர்த்து நீக்குகிறது’. பதிலுக்குக் காத்திருக்கும் அழைப்புக்கு ஒரு வகைக் கோடு, காத்திராததற்கு வேறு வகை. முக்கியமான கட்டத்தை இடது மேல்பக்கம் வையுங்கள். புதியவரின் கண் அங்கேதான் தொடங்குகிறது.

இவ்வளவு எழுதினால் சீனியர்களுக்கு இடைஞ்சல் என்பார்கள். அதில் நியாயம் உண்டு. புதியவருக்கு உதவும் விளக்கமே தேர்ந்தவருக்குச் சுமையாகலாம் என்பதை கல்யூகா, ஸ்வெல்லர் போன்றோர் 2003-இல் விரிவாக எழுதினார்கள். அதனால் படத்துக்குள் ஒற்றைச் சொற்கள் போதும். நீண்ட விளக்கம் ஓரத்துக் குறிப்புப் பெட்டிக்குப் போகட்டும். வேண்டாதவர் தாண்டிப் போவார். இன்னொரு மறுப்பு, யூஎம்எல்லை இப்போது யார் தொடுகிறார்கள் என்பது. மரியன் பெட்ரே 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பேட்டி கண்ட 50 தொழில்முறை டெவலப்பர்களில் 35 பேர் அதைப் பயன்படுத்தவே இல்லை. சரிதான். ஆனால் வெள்ளைப் பலகையில் கிறுக்கும் கட்டத்துக்கும் அம்புக்கும் பொது விதியே கிடையாது. அங்கே புதியவர் புரட்டிப் பார்க்கக் கையேடும் இல்லை. குறிப்புப் பெட்டி அங்கேதான் கூடுதலாகத் தேவை.

கடைசியாகச் சோதனை. ‘புரிந்ததா’ என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஆமாம் என்பார்கள். டீமில் புதியவரிடம் படத்தைக் கொடுத்து, ‘பேமென்ட் சர்வீஸ் நின்றுபோனால் எந்தெந்தக் கட்டம் பாதிக்கப்படும்?’ என்று கேளுங்கள். விரலால் கோட்டைத் தொடர்ந்து போவார். விரல் எங்கே தயங்கி நிற்கிறதோ, அந்தக் கோட்டில் ஒரு சொல் குறைகிறது.