பழைய டீசல் மோட்டார் வண்டியைப் பேணும் முறை

ஒரு பொருளை வாங்குதற்குப் பணம் போதும். அதனைப் பேணுதற்கோ அறிவும் பொறுமையும் வேண்டும் என்பது யாவரும் ஒப்புக்கொள்ளும் உண்மையாம். பழைய டீசல் மோட்டார் வண்டியின்கண் இவ்வுண்மை மிகத் தெளிவாய் விளங்கக் காணலாம். வீட்டு முற்றத்தில் ஓர் அம்பாசிடரை நிறுத்தி, விடுமுறை நாள்தோறும் அதனைத் துடைத்தும் திருத்தியும் மகிழும் அபிமானிகள் நம் நாட்டிற் பலர் உளர். அவர்தம் செயல் வெறும் பொழுதுபோக்கா, அன்றி ஒரு பொறுப்பா என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

டீசல் யந்திரம் நம் கிராமங்களுக்குப் புதியதன்று. நெய்வேலிச் சுரங்கத்தை அடுத்து, சேத்தியாத்தோப்புக்கு அருகில் உள்ள வளையமாதேவி போன்ற ஊர்களில், காரைக் காட்டிலும் இறைப்பு யந்திரமாகவும் உழவு யந்திரமாகவுமே மக்கள் அதனை நன்கறிவர். 2023-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், பரவனாற்றை மாற்றிவிடும் கால்வாய் வேலைக்காக, நெற்பயிர் நின்ற அவ்வூர் வயல்களில் மண் அகழும் யந்திரங்கள் இறங்கியதை நாடு கண்டது. பயிருக்கு நீர் இறைப்பதும் பயிர்மேல் ஏறிச் செல்வதும் ஒரே இனத்து யந்திரமே. ஆதலின் யந்திரத்தால் வரும் நன்மையும் தீமையும் அதனை ஆளுவோன் கையில் உள்ளன என்னும் நினைவோடு மேலே செல்வோம்.

இவ்யந்திரத்தைக் கண்டவர் ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியர். 1858-ல் பாரிஸ் நகரிற் பிறந்த இவர், பல ஆண்டு முயன்று, 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் தம் யந்திரத்தை வெற்றியுற ஓட்டிக் காட்டினார். 1900-ல் பாரிஸில் நடந்த பெருங்கண்காட்சியில் இவ்வகைச் சிறு யந்திரமொன்று நிலக்கடலை எண்ணெயால் ஓடிற்று. விருத்தாசலத்தைச் சூழ்ந்த கடலைக் கொல்லைகளை அறிந்த நமக்கு இச்செய்தி இனிமை தரும். எனினும் அதனை நம்பிச் செக்கெண்ணெயை நேரே பழைய வண்டியில் ஊற்றலாகாது. அது பிசினாய்ப் படிந்து பம்பையும் நாசிலையும் அடைத்துவிடும். 1936-ல் மெர்சிடஸ்-பென்ஸ் கம்பெனியார் 260 டி என்னும் டீசல் காரை விற்பனைக்குக் கொணர்ந்தனர். இந்தியாவிலோ, 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள பி.எம்.சி. யந்திரம் பூண்ட டீசல் அம்பாசிடர் 1980-ல் வெளிவந்தது. அதன் வலிமை 40 குதிரைத்திறனுக்கு மேற்பட்டதன்று. ஆயினும் குடும்பத்தையும் மூட்டைகளையும் ஒருங்கே சுமந்து அது நெடுந்தொலைவு சென்றது. மேற்கு வங்காளத்து உத்தரபாராத் தொழிற்சாலையில் அம்பாசிடர் உற்பத்தி 2014-ஆம் ஆண்டு மே மாதம் நின்றுபோயிற்று.

இனி, யந்திரத்தின் இயல்பை அறிவோம். பெட்ரோல் யந்திரத்தில் மின்பொறி எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசல் யந்திரத்தில் அப்பொறி இல்லை. சிலிண்டருட் புகுந்த காற்று, ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு இடத்துள் நெருக்கப்படுகிறது. அந்நெருக்கத்தால் அதன் வெப்பம் 500 பாகை சென்டிகிரேடுக்கு மேல் ஏறுகிறது. அத்தருணத்தில் நாசில் வழியே பனித்துளியினும் நுண்ணிதாய்ப் பீச்சப்படும் டீசல் தானே தீப்பற்றுகிறது. டீசலை அளந்து, 100 மடங்கு வளிமண்டல அழுத்தத்திற்கும் மேலாக உந்துவது பம்பின் தொழில். அப்பம்பினுள் ஒன்றோடொன்று உரசும் உறுப்புகளுக்கு இடையே உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டால் அவற்றுட் சில கூறே ஆகும். தலைமயிர் ஒன்றின் பருமன் அதனினும் பன்மடங்கு பெரிது. மணலும் நீரும் இத்தகைய இடத்துட் புகின் விளைவு யாதாகும் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

எனவே பேணலின் முதல் விதி எரிபொருளின் தூய்மையே. தொட்டியைப் பாதி வெறுமையாய் விட்டுப் பல நாள் நிறுத்தினால், மழைக்கால இரவுகளில் உள்ளிருக்கும் ஈரக்காற்று குளிர்ந்து நீராய் அடியில் தங்கும். டீசலும் நீரும் கூடும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகி வழுவழுப்பான அழுக்கை உண்டாக்கும். ஆதலின் நிறுத்தி வைக்கும் வண்டியின் தொட்டியை நிரப்பி வைத்தலும், ஃபில்டரின் அடியிற் சேரும் நீரை வடித்தலும், ஃபில்டரை உரிய காலத்தில் மாற்றுதலும் தவறாமற் செய்யத்தக்கன. தொட்டி முற்றும் வற்ற ஓட்டலாகாது. ஓட்டினால் குழாய்களிற் காற்றுப் புகுந்து யந்திரம் நின்றுவிடும். அப்போது ஃபில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழியில்லாத டீசல் வரும்வரை காற்றை வெளியேற்றல் வேண்டும். இதனையே மெக்கானிக்குகள் 'ஏர் எடுத்தல்' என்பர். அபிமானி முதலிற் கற்கவேண்டிய கைத்தொழில் இதுவே.

இரண்டாவது விதி புகையைப் படித்தல். மருத்துவன் நாடியாலும் நாவாலும் நோயறிவதுபோல, அறிந்தவன் புகையின் நிறத்தால் யந்திரத்தின் நோயறிவான். கரும்புகை காற்றுக் குறைவையோ எரிபொருள் மிகுதியையோ காட்டும். காற்று ஃபில்டரையும் நாசிலையும் நோக்குக. நீலப்புகை யந்திர எண்ணெய் எரிவதைக் காட்டும். பிஸ்டன் வளையமும் வால்வும் தேய்ந்திருத்தல் கூடும். வெண்புகை, காலைக் குளிரில் சிறிது நேரம் தோன்றி மறையின் குற்றமில்லை. சூடேறிய பின்னும் நீங்காதாயின், நாசில் சரியாய்ப் பீச்சவில்லை என்றோ, பம்பின் வேளை தவறியது என்றோ, கேஸ்கட் உடைந்து ரேடியேட்டர் நீர் உட்புகுகிறது என்றோ கொள்க. மார்கழிக் காலையில் வண்டி எளிதிற் புறப்படாவிடின், நான்கு ஹீட்டர் பிளக்குகளுள் எது செத்தது என்று பார்த்தல் வேண்டும். ஸ்டார்ட்டரை ஓயாது சுழற்றி பேட்டரியை வற்றச் செய்வது பேதைமை.

மூன்றாவது விதி வெள்ளத்தைப் பற்றியது. 2015-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் கடலூர் மாவட்டம் பட்ட பாட்டை மறந்தவர் இலர். நீர் காற்றைப்போல் நெருங்காது. சிலிண்டருள் நீர் புகுந்திருக்க யந்திரத்தைச் சுழற்றினால், பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். ஆதலின் நீரில் நின்ற வண்டியை உடனே இயக்க முயலாமல், நாசில்களைக் கழற்றி, நீரை வெளியேற்றி, எண்ணெய்களை மாற்றிய பின்னரே இயக்குக.

இக்காலத்து அபிமானிக்குப் புதிய கவலையும் ஒன்று உண்டு. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கப்படும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இல்லை. இது காற்றுக்கு நன்று. ஆனால் கந்தகத்தை நீக்கும் முறை டீசலின் இயற்கையான வழுக்குந்தன்மையையும் குறைக்கிறது. பம்பின் நுண்ணிய உறுப்புகளுக்கு அந்த டீசலே மசகெண்ணெய் அன்றோ? சுத்திகரிப்பு நிலையத்தார் அக்குறையை நீக்கும் மருந்தைச் சேர்த்தே அனுப்புகின்றனர். எனினும் பழைய ரப்பர் வளையங்கள் சுருங்கிக் கசிதல் உண்டு. பம்பைப் பிரிக்குங்கால் எல்லா வளையங்களையும் வைட்டான் வகையாக மாற்றிவிடுதல் அறிவுடைமை.

சட்டத்தின் நிலையையும் அறிதல் வேண்டும். புதிய காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனையில் தேறியே புதுப்பிக்க வேண்டும். அக்கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. டில்லிப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் தடுத்தது. மற்றொரு புறம், 50 ஆண்டு கடந்து பழைய உருக்குலையாத வண்டிகளைப் பாரம்பரியப் பொருளாக மதித்துத் தனிப் பதிவு வழங்கும் விதிகள் 2021-ல் வந்தன. 1980-ல் வந்த டீசல் அம்பாசிடருக்கு அவ்வயது 2030-ல்தான் நிறையும். பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட அம்முப்பத்தைந்து ஆண்டுகளில் அவ்வண்டிக்குப் புதுமையின் மதிப்பும் இல்லை. பழமையின் பெருமையும் இல்லை. அதனைக் காப்பது உடையவன் உழைப்பு ஒன்றே.

ஆயினும் உடையவன் விருப்பம் ஒன்றே போதுமா? டீசல் புகை புற்றுநோய் விளைப்பது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-ல் உறுதி செய்தது. நாம் விரும்பிப் பேணும் வண்டியின் புகையை, அதனை விரும்பாத அயலானும் அவன் குழந்தையும் சுவாசிக்கின்றனர். பழைய டீசல் வண்டிக்குச் சட்டம் விதித்த புகையின் எல்லை ஹார்ட்ரிட்ஜ் அளவில் 65. சோதனைச் சீட்டைப் பெறுதற்காக அன்றி, உண்மையாகவே அவ்வெல்லைக்கு மிகக் கீழே நிற்கும்படி யந்திரத்தைத் திருத்தி வைப்பவனே அபிமானி என்னும் பெயர்க்கு உரியவன். எத்துணைத் திருத்தியும் புகை அடங்காத யந்திரத்தை நிறுத்திவிடுதலும் அபிமானத்தின் பாற்பட்டதே.

மாணவ நண்பர்களே! பம்பைப் பிரித்து, நாசிலைச் சோதித்து, செவியால் யந்திரத்தின் குறையறியும் முதிய மெக்கானிக்குகள் நாளுக்கு நாள் அருகி வருகின்றனர். அவர்தம் கைத்திறன் எந்நூலிலும் முழுதும் எழுதப்படவில்லை. பழைய வண்டியை உடையார் அவர்பாற் சென்று, அருகிருந்து கண்டு, வினவி, குறித்து வைத்தல் வேண்டும். வண்டி ஒருநாள் இரும்புக் கடைக்குச் சென்றாலும், அவ்வறிவு நம்மிடம் எஞ்சுமாயின், அதனைப் பேணிய உழைப்பு வீண்போனதாகாது.