படம் ஒரு வழி, ஒலி ஒரு வழி: கேபிளைப் பிரிக்கும் முன்

எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல் 2005 நவம்பரில் கடைக்கு வந்தபோது அதன் முதுகில் எச்டிஎம்ஐ கிடையாது. படம், ஒலி இரண்டும் அகலமான ஒரே ஏவி சாக்கெட் வழியாகத்தான் வெளியே வந்தன. 2007-இல் வந்த எலைட் மாடலில் எச்டிஎம்ஐ சேர்ந்தது. ஆனால் சேர்ந்த இடம்தான் வம்பாகிப் போனது. ஏவி கேபிளின் தடித்த பிளாஸ்டிக் தலையைச் சொருகினால், பக்கத்திலேயே இருக்கும் எச்டிஎம்ஐ வாயை அது அடைத்துக்கொள்ளும். படத்தை மானிட்டருக்கும் ஒலியை ஹோம் தியேட்டருக்கும் தனித்தனியாக அனுப்ப நினைத்தவர்கள் ஸ்க்ரூடிரைவரைத் தேடியது இதனால்தான். பழைய கன்சோலைத் தூசி தட்டி எடுப்பவர்கள் இன்றும் இங்கேதான் முட்டிக்கொள்கிறார்கள். அவர்களைச் சுற்றி உலவும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: இரண்டு கேபிளையும் ஒரே நேரத்தில் மாட்டினால் கன்சோல் கெட்டுவிடும்.

உண்மை: தடுப்பது மின்சாரம் அல்ல, வெறும் பிளாஸ்டிக். மைக்ரோசாஃப்ட் நிறுவனமே எச்டிஎம்ஐ கேபிளோடு ஒல்லியான ஓர் ஆடியோ அடாப்டரையும் விற்றது. ஏவி சாக்கெட்டில் அது உட்கார்ந்துகொண்டு, சிவப்பு-வெள்ளை வழியாகவும் ஆப்டிகல் வழியாகவும் ஒலியைத் தரும். பக்கத்தில் எச்டிஎம்ஐ-க்கும் இடம் விடும். வீட்டிலேயே ஏவி கேபிளின் தடித்த தலையை ஒல்லியாக்குபவர்கள் செய்வதும் அதே வேலைதான், விலை கொடுக்காமல்.

நம்பிக்கை 2: சால்டரிங் தெரியாதவர்கள் இதைத் தொடக்கூடாது.

உண்மை: ஒரு கம்பியைக்கூட வெட்ட வேண்டியதில்லை. கேபிளைக் கன்சோலிலிருந்து கழற்றிவிட்டு, தலையின் பிளாஸ்டிக் ஓட்டைத் தட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தால் போதும். உள்ளே இருக்கும் உலோக முனையும் சின்னப் பலகையும் அப்படியே பயன்படும். ஆனால் அந்த ஓடு அழகுக்காக வைத்ததல்ல. கம்பியை இழுக்கும்போது அந்த இழுப்பு பற்றவைத்த இடங்களுக்குப் போகாமல் தாங்கியது அதுதான். ஓடு போனபின் கம்பியைப் பிடித்து இழுக்காதீர்கள். முனையைப் பிடித்துக் கழற்றுங்கள். திறந்து கிடக்கும் பலகை, பக்கத்து எச்டிஎம்ஐ ப்ளக்கின் உலோகத்தில் உரசாமல் இருக்க இன்சுலேஷன் டேப் ஒரு சுற்றுப் போதும். நான்கு சுற்று சுற்றினால் பழைய தடிமன் திரும்பி வந்துவிடும்.

நம்பிக்கை 3: எச்டிஎம்ஐ கேபிளையே அறுத்து, ஒலிக் கம்பியை மட்டும் தனியே இழுத்துவிடலாம்.

உண்மை: அப்படி ஒரு கம்பி உள்ளே இல்லை. எச்டிஎம்ஐ-யில் 19 முனைகள் உண்டு. அவற்றில் ஒன்றுகூட ஒலிக்கென்று ஒதுக்கப்பட்டதல்ல. படத்தின் ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும் முன்பு சின்ன இடைவெளி வரும். ஒரு முழுப் படம் முடிந்ததும் கொஞ்சம் பெரிய இடைவெளி வரும். படத்தைச் சுமக்கும் அதே கம்பிகளில், அந்த இடைவெளிகளில் ஒலி பொட்டலங்களாகப் போகிறது. அதைப் பிரித்தெடுக்க ‘ஆடியோ எக்ஸ்ட்ராக்டர்’ என்ற மின்னணுப் பெட்டி வேண்டும். கத்தியால் ஆகாது, அறுத்தால் ஒலியோடு படமும் போகும்.

நம்பிக்கை 4: சிவப்பு எல்லாம் ஒலிதான்.

உண்மை: பலரும் தடுமாறுவது இங்கேதான். ஏவி சாக்கெட்டில் சொருகும் காம்பொனென்ட் கேபிளில் சிவப்பு இரண்டு. பச்சை, நீலத்தோடு சேர்ந்து நிற்கும் சிவப்பு படத்துக்கு; வெள்ளையோடு ஜோடி போட்டிருப்பது ஒலிக்கு. படம் எச்டிஎம்ஐ-யில் போகும்போது முதல் மூன்றையும் சும்மா விட்டுவிடலாம். வெள்ளை இடது, சிவப்பு வலது. இந்த இரண்டிலும் ஸ்டீரியோ மட்டுமே வரும். 5.1 வேண்டுமென்றால் அந்தக் கேபிளின் தலையிலேயே உள்ள ஆப்டிகல் துளைக்குப் போக வேண்டும். கன்சோலின் ஆடியோ அமைப்பில் டிஜிட்டல் அவுட்புட்டை டால்பி டிஜிட்டல் 5.1-க்கு மாற்றவும் வேண்டும்.

நம்பிக்கை 5: தங்க முலாம் பூசிய ஆப்டிகல் கேபிள் வாங்கினால் ஒலி பளிச்சென்று இருக்கும்.

உண்மை: செம்புக் கம்பியின் முனையில் தங்கம் இருந்தால் துரு ஏறாது, அதில் அர்த்தம் உண்டு. ஆப்டிகலில் ஓடுவது சிவப்பு வெளிச்சம். 1983-இல் டோஷிபா கொண்டுவந்த இந்த முறையில் ஒலி ஒளியாகத்தான் பயணிக்கிறது; வெளிச்சத்துக்குத் தங்கம் எதற்கு? ஆப்டிகலின் உண்மையான லாபம் வேறு. கன்சோலுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே உலோகத் தொடர்பே இல்லாததால், எர்த் சிக்கலால் ஸ்பீக்கரில் கேட்கும் ‘ம்ம்ம்’ ரீங்காரம் இந்த வழியாக வராது.

நம்பிக்கை 6: ஒலியைத் தனியாகப் பிரித்தாலே தரம் கூடிவிடும்.

உண்மை: பிரிப்பதால் படம் கூர்மையாகாது. தேவை இருப்பவர்கள் இரண்டு வகை: ஒலியே சுமக்காத டிவிஐ மானிட்டரில் விளையாடுபவர்கள், எச்டிஎம்ஐ இல்லாத பழைய ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள். டிவியில் விளையாடுபவர்களுக்குப் புதுத் தொல்லைகூட வரலாம். டிவி படத்தை மெருகேற்றக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும். நேராக ஆம்ப்ளிஃபயருக்குப் போன ஒலி அதற்குள் முந்திவிடும். துப்பாக்கி வெடித்த பிறகுதான் விரல் விசையை அழுத்துவது தெரியும். டிவியில் ‘கேம் மோட்’ போடுவது, ஆம்ப்ளிஃபயரில் ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்துவது, இரண்டில் ஒன்று இதைச் சரிசெய்யும்.

கடைசியாக ஒன்று. 2010-இல் வந்த ஒல்லியான எக்ஸ்பாக்ஸ் 360-இல் ஆப்டிகல் துளை கன்சோலின் முதுகிலேயே வந்துவிட்டது. அங்கே எதையும் நெம்ப வேண்டாம். ஆகவே ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் கன்சோலைத் திருப்பி வைத்து ஒருமுறை பாருங்கள்.