வளையத் தெரிந்த வீடு

பொறுமைக்கு நிலத்தை உவமையாகக் கூறுவது நம் முன்னோர் வழக்கம். அந்த நிலமும் சில வேளைகளில் பொறுமை இழந்துவிடுகிறது. 2001-ஆம் ஆண்டு ஜனவரி 26 அன்று காலை 8.46 மணிக்குக் குஜராத்தின் கட்ச் பகுதி குலுங்கியது. நடுக்கத்தின் அளவு 7.7. அன்று குடியரசு தினம். அஞ்சார் நகரின் குறுகிய தெரு ஒன்றில் அணிவகுத்துச் சென்ற பள்ளிப் பிள்ளைகள் மேல் இருபுறத்து வீடுகளும் சரிந்தன. 185 பிள்ளைகளும் 20 ஆசிரியர்களும் மாண்டனர். ஆண்டுதோறும் அதே நாளில், ஏறக்குறைய அதே நேரத்தில், நாமும் கொடி வணக்கத்துக்கு வரிசையில் நிற்கிறோம் அல்லவா? இதைப் படித்தபோது எங்களுக்கு உடல் சிலிர்த்தது.

இது எங்கோ வடக்கில் நடப்பது என்று இருந்துவிட முடியாது. 1900 பிப்ரவரி 8-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறத்தாழ 6 அளவுள்ள நடுக்கம் உண்டானது. 2001 செப்டம்பர் 25 இரவு எட்டரை மணி அளவில், நம் கடலூருக்கு அடுத்த புதுச்சேரிக்கு அப்பால், வங்கக் கடலுக்கடியில் 5.5 அளவில் ஒரு நடுக்கம் ஏற்பட்டது. அதைப் பெற்றோர் சிலர் இன்றும் நினைவு வைத்திருப்பார்கள். குஜராத்தைப் போன்ற ஆபத்து நமக்கு இல்லை என்பது உண்மையே. ஆயினும் 2002-இல் திருத்தப்பட்ட நிலநடுக்க வரைபடத்தில் சென்னையும் கோவையும் மூன்றாம் மண்டலத்தில் வைக்கப்பட்டுள்ளன.

நிலம் அசைந்தால் வீடு ஏன் விழுகிறது? நின்றிருக்கும் பேருந்து திடீரெனப் புறப்பட்டால் நாம் பின்னால் சாய்கிறோம். 'இயக்க விதிகள்' பாடத்தில் படித்த நிலைமம்தான் அது. பூமி அடித்தளத்தை இழுக்கிறது. மேலே உள்ள கனம் வர மறுக்கிறது. கனம் கூடக் கூடத் தூண்கள் மேல் விழும் விசையும் கூடுகிறது.

இனி நம் ஊர்ப் பொருளுக்கு வருவோம். விருத்தாசலத்துப் பிள்ளைகளுக்குப் பீங்கானைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஃபியூஸ் கட்டை, இன்சுலேட்டர், கோப்பை, பொம்மை என்று அதன் நடுவிலேதான் வளர்கிறோம். பீங்கானின் மேல் பாரம் ஏற்றினால் தாங்கும். வளைத்தாலோ, கீழே போட்டாலோ, சொல்லாமல் கொள்ளாமல் உடைந்துவிடும். கான்கிரீட்டும் குணத்தில் பீங்கானுக்குத் தங்கைதான். அமுக்கினால் தாங்கும், இழுத்தால் அதில் பத்தில் ஒரு பங்கு விசைக்கே விரிசல் விடும். ஆகவேதான் உள்ளே இரும்புக் கம்பி வைக்கிறார்கள். கம்பி உடையுமுன் வளையும், நீளும். பூகம்பத்தைத் தாங்கும் வீடு என்றால் கெட்டியான வீடு என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். அது தவறு. கெட்டியாக இருப்பதோடு வளையவும் தெரிய வேண்டும். சுவர் வெடிக்கலாம், உத்தரம் வளையலாம். உள்ளே இருப்பவர் வெளியே வரும்வரை வீடு நிற்க வேண்டும். இதற்காகவே உத்தரத்தைவிடத் தூணை வலுவாக அமைக்கிறார்கள். உத்தரம் பழுதானால் ஓர் அறைக்குத்தான் சேதம். தூண் போனால் வீடே போயிற்று.

அகமதாபாத் நடுக்க மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள நகரம். ஆயினும் அங்கே பல மாடிக் கான்கிரீட் கட்டடங்கள் விழுந்தன. அவற்றில் பல, கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்துவதற்காகச் சுவரே இல்லாமல் தூண்கள் மேல் நின்றவை. மேலே செங்கல் சுவர்களோடு கனத்த உடம்பு, கீழே பொய்க்கால்! ஆட்டம் முழுவதும் அந்தக் கால்களுக்கே வந்து சேர்ந்தது. இத்தகைய கீழ்த்தளத்தை 2.5 மடங்கு விசைக்குக் கணக்கிட வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு நெறிமுறை கூறியது. சபர்மதி ஆற்று வண்டல் மண்ணும் அங்கே அதிர்வைப் பெருக்கியது. மணலில் வீடு கட்டியவனின் உவமையை மறைக்கல்வி வகுப்பில் படித்த நமக்கு இது புதிதன்று. மணிமுத்தாற்றங்கரையில் மனை வாங்குவோரும் மண்ணைச் சோதிப்பது நல்லது.

எங்களை மிகவும் வியக்கவைத்தது ஒரு சின்னப் பொருள். தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம். வேலையாட்கள் 'ரிங்கு' என்பார்கள். வீடு ஆடும்போது தூணின் மேல்பூச்சு உதிர்கிறது. ரிங்கின் முனை வெறும் 90 பாகை மட்டும் மடங்கியிருந்தால் அப்போது அது விரிந்துகொள்ளும். நெடுங்கம்பிகள் பிதுங்கும், உள்ளிருக்கும் கான்கிரீட் நொறுங்கிக் கொட்டும். முனையை 135 பாகை மடக்கிச் சுமார் மூன்று அங்குலம் தூணுக்குள் நுழைத்துவிட்டால் விரியாது. தூண் உத்தரத்தோடு சேரும் இடங்களில் ரிங்குகளுக்கு நடுவே நான்கு அங்குலத்துக்கு மேல் இடைவெளியும் கூடாது. 1993-இல் வெளிவந்து 2016-இல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 13920 என்ற இந்திய நெறிமுறையில் இவை உள்ளன. செலவு ஒரு ரிங்குக்குச் சில அங்குலக் கம்பிதான்.

பள்ளிக்கு வரும் வழியில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. ஒரு மாலை, கம்பி கட்டும் அண்ணனிடம் அனுமதி கேட்டுக் கணிதப் பெட்டியிலிருந்த கோணமானியை ரிங்கின் மேல் வைத்துப் பார்த்தோம். சரியாக 90 பாகை.

"இன்னும் உள்ளே மடக்கக் கூடாதா அண்ணா?"

"மடக்கலாம் பாப்பா. யாரும் கேக்கறதில்லையே" என்றவர், ஒன்றை எடுத்து மடக்கியும் காட்டினார். அதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. கட்டி முடித்த ஆறு தூண்கள் அப்படியே இருக்கின்றன. மற்றவற்றுக்கு வீட்டுக்காரரைக் கேட்டுச் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.